மீட்டர் காட்டிய எண்



நம் சபையின் வாலிபர் ஒருவர், தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பழைய புல்லட் 350 ஒன்றை வாங்க என்னைத் துணைக்கு அழைத்தார். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, நம் திருவொற்றியூரில் உருவாக்கிய வண்டியல்லவா அது!

எண்ணூர்க் கடலோரத்தில் கண்ட வண்டியின் மீட்டரில் 9,000 கிலோமீட்டர் மட்டுமே. "முன்பணம் கொடுத்துவிடு, தம்பி" என்று அவசரப்பட்டவன் நானே. உடன்வந்த மெக்கானிக்கோ டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்; உள்ளே துரு. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றதால் ரப்பர் சீல்கள் இறுகி எண்ணெய் கசிந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாய்ப் படிந்திருந்தது.

"உப்புக்காற்றை மீட்டர் கணக்கெடுக்காது, ஐயா. கேபிளைக் கழற்றிவிட்டால் ஓட்டத்தையும் கணக்கெடுக்காது" என்றார் அவர். எனக்கு நாணமாயிற்று.

இராயபுரத்தில் கண்ட மற்றொன்றோ 70,000 ஓடியது. ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவருடையது. குளிர்ந்திருந்த எஞ்சின் இரண்டாம் உதையிலேயே உயிர்பெற்றது. ஆயில் மாற்றிய தேதிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். பணம் கைமாறியபின், சாவியோடு அந்த நோட்டையும் நீட்டி, "அடுத்த பக்கத்திலிருந்து நீ எழுது, தம்பி" என்றார் பெரியவர்.