பெட்டியின் பழைய புத்தி

வீட்டு வலையமைப்பிலே கோப்புகளைச் சேமித்து வைக்கும் சிறு பெட்டிகளை வாசகர்களிற் சிலர் கண்டிருப்பர். அவற்றின் அமைப்பு சற்று விநோதமானது. பெட்டிக்குள்ளே ஒரு சில்லு. அதில் எழுதப்பட்டிருக்கும் நிலைபொருள், கடைக்காரர் ‘ஃபர்ம்வேர்’ என்பாரே, அதுதான் பெட்டியின் புத்தி. நினைவோ வடத்தின் மறுமுனையில் இருக்கும் வன்தட்டிலே கிடக்கிறது. புத்தியை மாற்றினாலும் நினைவு மாறுவதில்லை. புத்தி கெட்டாலும் நினைவு அழிவதில்லை. இந்த ஓர் உண்மையை அறிந்திருந்தமையால்தான், சென்ற ஐப்பசியிலே எங்கள் பெட்டிக்கு அதன் பழைய புத்தியை மீட்டுக் கொடுக்கும் வேலையில் நான் துணிந்து இறங்கினேன்.

லிங்சிஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட என்.எஸ்.எல்.யு.2 என்னும் பெட்டி அது. உள்ளங்கை அளவுதான். நிலைபொருள் தங்கும் சில்லின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுத்த மூன்று புகைப்படங்களுக்கு அது போதாது. அன்பர்கள் அதற்கு ஓடில்லா நத்தையின் ஆங்கிலப் பெயரைச் சூட்டி ‘ஸ்லக்’ என்று அழைத்தார்கள். அதன் நிலைபொருள் லினக்ஸைக் கொண்டு ஆக்கப்பட்டதாகையால், மூல நிரல் வெளியிடப்பட்டது. உலகெங்கும் ஆர்வலர் அதைத் திருத்தி மகிழ்ந்தனர். எங்கள் அத்தானும் அவர்களில் ஒருவர். 2009இல் அவர் அதில் டெபியன் என்னும் முழு இயங்குதளத்தையே ஏற்றிவிட்டார். பதுளையிலே அந்நாளில் அது ஒரு சாதனைதான்.

பின்னர் அத்தான் கனடா சென்றார். டெபியனோ 2015இல் வந்த தன் 8ஆம் பதிப்பிலிருந்து இந்த வகைச் செயலிக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய் வந்தால், பெட்டி யாரோ விசைப்பலகையில் விடை தட்டுவார் என்று காத்திருக்கும். அதற்கு விசைப்பலகையே கிடையாது! டொரன்டோவில் அத்தான் விழித்தெழும்வரை நாங்களும் காத்திருப்போம். வீட்டிலிருப்பவர் எவராலும் கையாள இயலாத கருவி எவ்வளவு வல்லமையுடையதாயினும் என்ன பயன்? ஆகவே மூல நிலைபொருளுக்கே திரும்புவதென்று தீர்மானித்தோம்.

அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்கலாம். கல்யாணப் படங்களும் பாட்டுகளும் இருந்தன, அவை கிடக்கட்டும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த எங்கள் தாத்தாவின் காகிதங்கள் இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பிக்கும் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையைக் காட்ட வேண்டும் என்றது. லயத்தில் வாழ்ந்த மனிதன் எதைக் காட்டுவான்? செக்ரோல் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பாடசாலை இடாப்பு. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகிர்ந்தபோதும், ஒரு குடும்பம் கப்பலேறுவதையும் தங்குவதையும் தீர்மானித்தவை இத்தகைய தாள்களே. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இக்கதை முடியவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களுக்கு முன்னே காகிதம் ஒரு பொருட்டாகாது. ஆயினும் அந்த வாரமே எங்கள் பெரியம்மா தமது தகரப் பெட்டியைத் திறந்து, “இதையெல்லாம் படம் புடிச்சு வேற எங்கயாவது வச்சிருங்க” என்றார். அவ்வாறு பெட்டிக்குள் புகுந்தவை அவை.

நிலைபொருளை மாற்றப்போகிறேன் என்றதும் பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

“தம்பி, தாத்தா பத்திரம் அதுக்குள்ளதானே கெடக்கு. போயிறாதா?”

“இல்லைங்க பெரியம்மா. தட்டைத் தனியே கழற்றிவிடுவேன். பெட்டிக்கு மட்டும்தான் வைத்தியம்.”

அப்படியே செய்தேன். டெபியன் எழுதிய தட்டை விண்டோஸ் கணினி நேரே படிக்காதாகையால், லினக்ஸ் உள்ள மடிக்கணினியில் அதை இணைத்து, 60 ஜிகாபைட்டையும் இரண்டு தட்டுகளில் பிரதி செய்தேன். ஒன்று ஹாலிஎலயில் உள்ள அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போயிற்று. ஒரே வீட்டிலுள்ள இரண்டு பிரதிகளை நான் இரண்டாக எண்ணுவதில்லை.

இனிப் பெட்டி. மூல நிலைபொருளின் கோப்பை அத்தான் அன்றே ஓர் இறுவட்டில் எழுதி வைத்துச் சென்றிருந்தார். அதற்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை அழுத்தியபடி மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ பத்து விநாடிகளில் மஞ்சள் விளக்கு சிவப்பாகும். அக்கணமே ஊசியை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மீண்டும் முதலிலிருந்து! என் மருமகள், உயர்தரத்தில் தொழில்நுட்பம் பயில்பவள், விளக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மூன்றாம் முறை சிவப்பும் பச்சையும் மாறி மாறிச் சிமிட்டின. பெட்டி புதிய புத்தியை ஏற்கத் தயார் என்பது அதன் பொருள். அப்ஸ்லக்2 என்னும் சிறு நிரல், வலையமைப்பு வடத்தின் வழியே கோப்பை அனுப்பியது.

“நடுவில் கரண்ட் போனால் என்ன மாமா?” என்றாள் மருமகள்.

நல்ல கேள்வி. சில்லின் முதற்பகுதியிலே ரெட்பூட் என்னும் தொடக்க நிரல் இருக்கிறது. அப்ஸ்லக்2 அதைத் தீண்டுவதில்லை. மற்றவையெல்லாம் அரைகுறையானாலும் அது பிழைத்திருக்கும். ஊசியைக் கொண்டு மறுபடி தொடங்கலாம். அதனை அழித்துவிட்டால் மட்டுமே பெட்டி செங்கல்லுக்குச் சமம். சில நிமிடங்களில் எழுதுவதும் சரிபார்ப்பதும் முடிந்தன. மின்சாரமும் அன்று தயவு காட்டிற்று.

உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான் இருக்கிறது. தனக்குப் பழக்கமில்லாத அமைப்புடைய தட்டைக் கண்டால் மூல நிலைபொருள், ‘இத்தட்டு வடிவமைக்கப்படவில்லை’ என்று அறிவித்து, வடிவமைக்கும் பொத்தானையும் அருகிலேயே நீட்டும். அதை நம்பி அழுத்துபவர் தம் கையாலேயே நினைவை அழித்துவிடுவார். ஆதலால் பழைய தட்டை நான் பெட்டியின் அருகே கொண்டு செல்லவேயில்லை. வெற்றுத் தட்டு ஒன்றை வடிவமைத்து, கோப்புகளை அதில் ஏற்றினேன். நத்தையின் வேகம் நொடிக்கு 4 மெகாபைட். நாலு மணி நேரம் சென்றது.

பழைய புத்தியில் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. 2021 ஜூனில், 2015க்குப் பின் திருத்தம் காணாத மை புக் லைவ் பெட்டிகள் பல, இணையத்தின் வழியே தாக்கப்பட்டு, உலகெங்கும் வெறுமையாக்கப்பட்டன. எனவே ரூட்டரிலே இந்தப் பெட்டிக்கு வெளியுலகக் கதவை அடைத்துவிட்டேன். இதன் பழங்காலப் பேச்சைப் புதிய விண்டோஸ் கணினிகள் ஏற்க மறுக்கின்றன. அதனால் வீட்டிலிருந்த பழைய மடிக்கணினி ஒன்றையே இதற்குத் துணையாக வைத்தோம்.

மறுநாள் பெரியம்மா யாரையும் அழைக்காமலே மடிக்கணினியைத் திறந்து, தாத்தாவின் பத்திரத்தைக் கண்டுபிடித்தார். எழுத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “கைநாட்டுக் கோணலா வச்சிருக்காரு” என்றார். பிறகு, இரண்டு பிரதி அச்செடுத்துத் தரும்படி மருமகளிடம் கேட்டார்.