திருமலைக் கடலோரத்தில் மூன்று நாட்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கியதும், "இம்முறை எங்கே போகலாம்?" என்னும் கேள்வி நம் இல்லங்கள்தோறும் எழுவது வழக்கம். மலைநாட்டின் குளிரை நாடுவோர் சிலர். கதிர்காம யாத்திரைக்குப் புறப்படுவோர் சிலர். கடலை விரும்புவோர்க்கோ, இத்தீவிலே திருக்கோணமலையினும் சிறந்த நகர் வேறில்லை என்று நாம் துணிந்து கூறுவோம். கோயில், கோட்டை, துறைமுகம், வெந்நீரூற்று, வெண்மணற் கரை, கடலடித் தோட்டம் ஆகிய அனைத்தும் ஒருசில மைல் சுற்றளவுக்குள் அமைந்திருக்கும் நகர் அது. ஆயினும் அங்குச் செல்வோரிற் பலர் கடலில் நீராடி, மீன் பொரியலைச் சுவைத்து, மறுநாளே வண்டியேறிவிடுகின்றனர். மூன்று நாட்கள் தங்கினால் எவற்றைக் காணலாம், எப்படிக் காணலாம் என்பதை இங்கே எடுத்துரைப்போம்.

பருவமும் பாதையும்

கீழைக்கரைக்குச் செல்வோர் காற்றின் போக்கை முதலில் அறிதல் வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வீசும், மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும். சித்திரை பிறந்தபின் கடல் அடங்கி, புரட்டாதி வரை பெரும்பாலும் குளம்போற் கிடக்கும். மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் அலைகள் சீறும் காலமே திருமலைக்கு ஏற்ற காலம்.

கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மட்டக்களப்புக்கும் மற்றொன்று திருமலைக்கும் செல்கின்றது. தெருவழியே வருவோர் ஹபரணையைக் கடந்து காட்டினூடே வருகையில் கந்தளாய்க் குளத்தைக் காண்பர். அதன் கட்டிலே சிறிது நேரம் இறங்கி நிற்பது நன்று. கோணேசர் கோயிலுக்கு வேண்டிய நெல்லை விளைவிப்பதற்காகக் குளக்கோட்டு மன்னன் கட்டிய குளம் இது என்பது கோயில் மரபு. இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்பது வரலாற்று நூலார் கூற்று. 1986ஆம் ஆண்டு சித்திரையிலே இக்குளக்கட்டு உடைந்து ஊர்களையும் உயிர்களையும் வாரிச் சென்றது. இன்று அமைதியாய்க் கிடக்கும் நீரைப் பார்ப்போர்க்கு அது நம்புதற்கரிய செய்தியாகத் தோன்றும்.

முதல் நாள்: மலையும் கோட்டையும்

முதல் நாட் காலையைக் கோணேசர்க்கே ஒதுக்குக. கடலுக்குள் நீண்டு செங்குத்தாக எழுந்து நிற்கும் சுவாமி மலைமேல், சூரியன் கடலினின்று புறப்படும் வேளையில் நிற்பது ஒரு பேறு. கீழே பாறையை அலைகள் அறையும் ஓசையும் மேலே கோயில் மணியோசையும் ஒன்றாய்க் கலந்து கேட்கும். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பதிகத்தாற் பாடினார். இராமேசுவரத்தில் நின்றவாறே அவர் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

மலைக்குச் செல்லும் வழி பிரெடரிக் கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றது. மாணவர்கள் அவ்வாயிலை விரைந்து கடந்துவிடலாகாது. அதன் கல்லிலே இணைக்கயல்களும் தமிழ் எழுத்துக்களும் செதுக்கப்பட்டிருப்பதைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். கோட்டைச் சுவரிலே கோயிற்கல் எப்படி வந்தது? 1620களில் போர்த்துக்கேயர் மலைமேலிருந்த கோயிலைத் தகர்த்தனர். தளபதி கொன்ஸ்தன்தீனு த சா அக்கற்களைக் கொண்டே 1624இல் இங்குக் கோட்டை எழுப்பினான். எஞ்சிய கற்கள் கடலில் வீழ்ந்தன. அடியார் சிலர் திருவுருவங்களை மண்ணுக்குள் மறைத்து வைத்தனர். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மலையிற் கோயில் இல்லை. வெறும் பாறைக்கே மக்கள் பூவும் பழமும் இட்டு வழிபட்டனர்.

மறைத்தவர் மறைந்தனர்; மறைத்த இடமும் மறந்துபோயிற்று. 1950ஆம் ஆண்டு நகரிலே கிணறு வெட்டிய தொழிலாளரின் மண்வெட்டி உலோகத்தில் முட்டியது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலாய வெண்கலத் திருவுருவங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1956இல், எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலிற் சுழியோடி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டனர். கடலடியிலிருந்து ஓர் இலிங்கமும் மீட்கப்பட்டது. புதிய கோயில் எழுந்து 1963இல் கும்பாபிஷேகமும் நிறைவேறியது. மண்ணும் கடலும் தாம் காத்து வைத்ததைத் திருப்பித் தந்த கதை இது. இதனை அறிந்து சந்நிதியில் நிற்பவர்க்குத் தீபாராதனையின் ஒளி வேறொரு பொருள் தரும்.

மலையின் ஒருபுறம் பாறை பிளந்து ஆழமாய் இறங்குவதை 'இராவணன் வெட்டு' என்பர். அருகே ஒரு தூண் நிற்கிறது. பிரான்சினா என்னும் ஒல்லாந்த நங்கை, தன் காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு 1687இல் இங்கிருந்து கடலிற் குதித்தாள் என்பது கதை. அவள் அதன்பின்னும் வாழ்ந்து மணமும் புரிந்தாள் என்று பழைய பதிவேடுகளை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அவள் வாழ்ந்தாள் என்பதே நமக்கும் உவப்பு.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாய்த் திரிவதைக் கண்டு குழந்தைகள் துள்ளுவர். அவற்றிற்குத் தின்பண்டம் நீட்டவோ பொலித்தீன் பைகளை அங்கே வீசவோ வேண்டாம். பையிலுள்ள உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு மான் பையையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

மாலையில் நகரின் மற்றொரு புறம் சென்று உட்துறைமுகத்தைக் காண்க. குன்றுகள் சூழ்ந்து நிற்க, ஆழமும் அமைதியும் கொண்ட அந்த நீர்ப்பரப்பு உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அச்சிறப்பே இந்நகருக்குத் துன்பமும் ஆயிற்று. போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பறித்தனர். 1782ஆம் ஆண்டு தையில் அதை ஆங்கிலேயர் கைப்பற்ற, அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து கவர்ந்தான். மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டை, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீதும் சீனக்குடாவின்மீதும் குண்டு பொழிந்தன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின்மேல் வீழ்ந்து, தீ பல நாள் எரிந்தது. 1957இல் ஆங்கிலக் கடற்படை தளத்தை நமது நாட்டிடம் ஒப்படைத்து விடைபெற்றது.

இரண்டாம் நாள்: வெந்நீரும் பழம்பள்ளியும்

நகருக்கு வடமேற்கே சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில் கன்னியா உளது. சதுரமாய்க் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் அருகருகே அமைந்திருக்கின்றன. ஒன்றின் நீர் இளஞ்சூடு. மற்றொன்று கை பொறுக்கும் சூடு. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. தாயின் ஈமக்கிரியைக்கு நீர் வேண்டி இராவணன் நிலத்தில் ஏழிடத்துக் குத்தியதால் தோன்றியவை என்பது செவிவழிக் கதை. இன்றும் இறந்தார்க்குரிய கிரியைகளை இங்கு வந்து ஆற்றுவோர் உளர். அருகில் எரிமலை ஏதும் இல்லை. நிலத்துள் இறங்கும் மழைநீர் பாறைப் பிளவுகளின்வழி மிக ஆழம் சென்று, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலே வருகின்றது. கிணற்றுள் இறங்காமல் வாளியால் மொண்டு வார்த்துக்கொள்வதே இங்குள்ள வழக்கம். பாட்டிமாரை அழைத்துச் செல்வோர் கருக்கலிலேயே செல்லுதல் நலம். வெயில் ஏறியபின் வெந்நீர் இன்பம் தராது.

அதே திசையில் பெரியகுளத்தருகே ஒரு பழைய பௌத்தப் பள்ளியின் இடிபாடுகள் உள. வெல்கம் விகாரை என்றும் நாதனார் கோயில் என்றும் அதனை அழைப்பர். சோழர் காலத்திலே அது 'இராசராசப் பெரும்பள்ளி' என்று பெயர் பெற்றிருந்தது. விளக்கெரிக்கவும் பசுக்களை வழங்கவும் தமிழ் அடியார் செய்த கொடைகள் தமிழிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. சிவநெறி தழைத்த சோழராட்சியில் புத்தர் சந்நிதியில் தமிழர் விளக்கேற்றினர் என்பதை இக்கற்கள் சான்று பகர்கின்றன. பாடநூலிற் பத்துப் பக்கம் படிப்பதினும் இங்கே பத்து நிமிடம் நிற்பது மாணவர்க்குப் பயன் தரும்.

திரும்பும் வழியில் நிலாவெளித் தெருவோரம், உப்புவெளியில், உலகப்போரில் மாண்டோரின் மயானம் இருக்கிறது. வெண்கற்கள் வரிசையாய் நிற்க, முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். கற்களிலுள்ள வயதைப் படித்துப் பார்த்தால், பலர் இருபது சொச்சம் வயதினர். குழந்தைகளை அங்கே விளையாட விடாமல், ஒருமுறை அமைதியாக நடந்து வருமாறு கூறுங்கள்.

மூன்றாம் நாள்: கரையும் கடலடியும்

மூன்றாம் நாளை நிலாவெளியிற் கழிப்போம். நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர். விடிகாலையில் சென்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். வள்ளத்திற் சென்று கடலில் வளைத்து விட்ட வலையின் இரு தலைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியினர் பிடித்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் காலை ஊன்றி இழுப்பர். இரு அணிகளும் மெல்ல மெல்ல நெருங்கிவர, வலையின் மடி கரையேறும். சில நாள் சூடையும் கீரியும் பாரையும் வெள்ளிபோல் குவியும். சில நாள் பாசியும் நண்டும் தவிர வேறொன்றும் இராது. பாட்டு மட்டும் இரு நாளும் ஒன்றே. கயிற்றைப் பிடிக்க விரும்பும் சிறுவரை அவர்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. அந்தக் கயிறு உள்ளங்கையில் இடும் எரிச்சல், தட்டில் வரும் மீனின் விலையை அவர்களுக்குக் கற்பிக்கும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி இக்கரையை ஆழிப்பேரலை தாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் உள்நாட்டுப் போர் இம்மக்களை அலைக்கழித்தது. 2009இல் போர் ஓய்ந்தபின்னரே உல்லாசப் பிரயாணிகள் பெருமளவில் வரலாயினர். வீட்டையும் வள்ளத்தையும் இழந்து மீண்டும் வலை பின்னியோர் இவர்கள். அவர்களிடம் பேரம் பேசுகையில் இது நம் நினைவில் இருத்தல் தகும்.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு உளது. மாடப்புறாக்கள் அதன் பாறைகளிற் கூடுகட்டி வாழ்வதாற் பெற்ற பெயர். 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அனுமதிச்சீட்டுப் பெற்று இயந்திரப் படகிற் செல்லலாம். கண்ணாடிக் கவசம் அணிந்து முகத்தை நீருள் ஆழ்த்தினால், முழந்தாளளவு நீரிலேயே வேறோர் உலகம் தோன்றும். மான்கொம்புபோற் கிளைத்த முருகைக் கற்கள், அவற்றிடையே மஞ்சளும் நீலமுமாய்ப் பாயும் மீன்கள், நல்வாய்ப்பிருந்தால் மெல்ல நீந்தும் ஆமை, மனிதரைக் கண்டு விலகியோடும் சிறு சுறா.

இந்த முருகைக்கல் கல்லன்று. கடுகளவான உயிர்கள் கோடிக்கணக்கிற் கூடித் தம்மைச் சுற்றிக் கட்டும் வீடு அது. விரைந்து வளரும் கிளைகளும் ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும். திரண்ட வகைகளோ அரை அங்குலமும் வளரா. 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது நாட்டின் மேற்கு, தெற்குக் கரைகளில் முருகைப் பாறைகள் வெளுத்து மடிந்தன. திருமலைக் கடலிலுள்ளவை பெரும்பாலும் தப்பின. கடலின் வெப்பத்துக்குத் தப்பியவை இப்போது நம் கால்களுக்குத் தப்பவேண்டியுள்ளன. களைப்பாற நீந்துவோர் அவற்றின்மேல் ஏறி நிற்கின்றனர். நினைவுப் பொருளென்று ஒடித்தும் எடுக்கின்றனர். ஒரு நொடியில் ஒடிந்தது மீண்டும் வளர்வதற்குள், ஒடித்த பிள்ளை தன் பிள்ளையை அழைத்துவரும் வயதை அடைந்துவிடுவான். ஆகவே நீந்தத் தெரியாதோர் மிதவைச் சட்டை அணிந்தே இறங்குக. கால் ஊன்றுவதாயின் வெறும் மணலில் ஊன்றுக. எதனையும் எடுத்து வராதீர்.

இன்னும் ஒரு நாள் தங்க வாய்ப்புடையோர் விடியற்காலைப் படகிலே திமிங்கிலம் காணச் செல்லலாம். துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் அடுத்தே கடலடியில் பேராழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், நீலத் திமிங்கிலங்களும் கரைக்கு அண்மையில் வருகின்றன. துரத்தாமல் எட்ட நின்று பார்க்கும் படகோட்டியையே தேர்க. கொட்டியாரக் குடா என்றதும் மாணவர்க்கு றொபேட் நொக்ஸ் நினைவுக்கு வரவேண்டும். பாய்மரம் முறிந்த கப்பலோடு அங்கு ஒதுங்கி, 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட அவ்விளைஞன், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, தப்பிச் சென்று, இந்நாட்டைப்பற்றி நூலெழுதினான்.

திருமலைக்குச் சென்று வருவோர் அதன் கதையில் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இடித்த கோயில் மீண்டும் எழுந்தது. புதைத்த திருவுருவங்களை மண் திருப்பித் தந்தது. மூழ்கிய இலிங்கத்தைக் கடல் திருப்பித் தந்தது. பெயர் தெரியாத அடியார் சிலர் அன்று கருத்தோடு மறைத்து வைத்ததால், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தோர் அவற்றைக் கண்டு வணங்குகின்றனர். புறாத்தீவின் கடலடித் தோட்டத்தை மறைத்து வைக்க இயலாது. போவோர் வருவோர் ஒவ்வொருவரும் கருத்தோடு நடந்தாலன்றி அதைக் காக்க வேறு வழியில்லை. அடுத்த விடுமுறைக்குத் திருமலை செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இதனை வண்டியேறுமுன்பே சொல்லிவைப்பார்களாக.