பெலீஸ்: மகோகனிக் காட்டிலிருந்து எழுந்த பாட்டு

மத்திய அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு பெலீஸ். வடக்கே மெக்சிகோ, மேற்கிலும் தெற்கிலும் குவாத்தமாலா, கிழக்கே கரீபியக் கடல். மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம்தான். ஆனால் கிரியோல், ஸ்பானியம், மாயா மொழிகள், கரிஃபுனா என்று அங்கே காதில் விழும் மொழிகள் பல.

மாயர்கள் இங்கே பெருநகரங்களை எழுப்பியிருந்தார்கள். அவற்றில் ஒன்றான கராகோலில் அவர்கள் கட்டிய கானா என்னும் கோயில் மேடை, சுமார் 43 மீட்டர் உயரத்தோடு இன்றும் நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் ஒன்றாக நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் வந்தது மரத்துக்காக. முதலில் கம்பளிக்குச் சாயம் தரும் மரம், பிறகு ஐரோப்பிய வீடுகளின் மேசை நாற்காலிகளுக்கு மகோகனி. வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். நடுக்காட்டில் மரத்தைச் சாய்த்து, மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில் கடற்கரைக்கு மிதக்கவிட்டார்கள். நிலம் சில பெரிய கம்பெனிகளின் கையில் குவிந்தது. மரத்தில் லாபம் கண்டவர்களுக்கு உழவில் அக்கறை இல்லை. கோடரியும் துடுப்பும் ஏந்திய தொழிலாளர் இருவரும் ஒரு மகோகனி மரமும் இன்று தேசியக் கொடியில் இருக்கிறார்கள். அந்த உழைப்பைக் கொடியிலேயே ஏற்றியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

1961இல் ஹேட்டி புயல் பெலீஸ் நகரைச் சிதைத்த பிறகு, உள்நாட்டில் பெல்மோபான் என்ற புதிய தலைநகர் எழுந்தது. 1981 செப்டம்பர் 21இல் ஜார்ஜ் பிரைஸ் தலைமையில் விடுதலை கிடைத்தது. பெலீஸில் குவாத்தமாலா உரிமை கோரும் நிலப்பகுதி பற்றிய வழக்கு இப்போது ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் இருக்கிறது. அங்கே போக இரு நாட்டு மக்களும் தனித்தனியாக வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள்.

இன்றைய வருமானம் வடக்கே கரும்பிலிருந்தும் தெற்கே வாழையிலிருந்தும் ஆரஞ்சிலிருந்தும் வருகிறது. சுற்றுலா இவற்றையெல்லாம் விஞ்சிவிட்டது. சுற்றுலாவின் உயிர்நாடி கடலோரப் பவளத்திட்டு. அதைக் காக்க, தன் கடலில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவைத்து 2017இல் சட்டம் செய்தது இந்தச் சிறிய நாடு. மறு ஆண்டே யுனெஸ்கோ அந்தப் பவளத்திட்டை ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது.

இசையும் அந்த மரக்காட்டோடு பிணைந்ததுதான். புரூக்டவுன் என்ற கிரியோல் பாட்டு மரம் வெட்டுவோரின் முகாம்களில் வளர்ந்தது. அக்கார்டியன், பான்ஜோ, டிரம் ஆகியவற்றோடு, காய்ந்த கழுதைத் தாடையெலும்பின் பற்களைக் கோலால் உரசியும் தாளம் போடுவார்கள். வில்ஃப்ரெட் பீட்டர்ஸ் அதன் பேரரசராக விளங்கினார்.

தெற்குக் கடற்கரையின் டங்ரிகா ஊர் கரிஃபுனா மக்களுடையது. ஆப்பிரிக்கரும் கரீபியத் தொல்குடியினரும் கலந்து உருவான இவர்களை, செயின்ட் வின்சென்ட் தீவில் எதிர்த்துப் போரிட்டதற்காக ஆங்கிலேயர் 1797இல் ஹோண்டுராஸ் கடற்கரையை ஒட்டிய ரோவாட்டான் தீவுக்கு நாடுகடத்தினார்கள். கப்பலேறுமுன் அடைத்துவைக்கப்பட்ட சிறு தீவிலேயே ஏறத்தாழ பாதிப்பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களின் வழிவந்தோர் பெலீஸ் கரையேறியதை ஒவ்வொரு நவம்பர் 19இலும் மேளத்தோடு கொண்டாடுகிறார்கள். குடைந்த கடினமரத்தில் தோல் கட்டிய இரண்டு மேளங்கள்: செகுண்டா தாளத்தைக் காக்கும், பிரிமேரோ அதன்மேல் விளையாடும். ஐரோப்பாவுக்கு மேசையாகப் போன மகோகனியிலும் இந்த மேளத்தைக் குடைகிறார்கள். இறந்தவர் வீட்டில் கண்விழிக்கும் இரவில் ஆடப்படும் புன்டா ஆட்டத்தின் தாளத்தோடு மின்கிதாரைச் சேர்த்து, 1980களின் தொடக்கத்தில் பென் காயெட்டானோ டங்ரிகாவில் புன்டா ராக் இசையை உருவாக்கினார். ஆமையோட்டையும் தாளக்கருவியாக்கினார்.

பரான்கோ என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்த ஆண்டி பலாசியோ, இளைஞராக நிகராகுவா எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றப் போனார். அங்குள்ள கரிஃபுனாக்களிடையே முதியவர் சிலரைத் தவிர யாருக்கும் தம் மொழி பேசத் தெரியவில்லை. தன் மக்களுக்கும் இதே கதி நேரலாம் என்ற அச்சம்தான் அவரை கரிஃபுனாவிலேயே பாட வைத்தது. தயாரிப்பாளர் இவான் டுரானோடு 2007இல் அவர் வெளியிட்ட ‘வாட்டினா’ தொகுப்பு உலகெங்கும் ஒலித்தது. மறு ஆண்டு ஜனவரியில், 47 வயதில், அவர் இறந்தார். அதே ஆண்டில் டுரான் தயாரித்த ‘உமலாலி’ முழுக்கக் கரிஃபுனாப் பெண்களின் குரல். வீட்டு வேலைக்கிடையே தாமே கட்டிப் பாடிய பாடல்களை அவர்கள் அதில் பாடியிருக்கிறார்கள். பெலீஸைக் கேட்கத் தொடங்குவோர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.