மரப்பேனும் என் சிவப்பு மையும்



ஆசிரியரும் தவறிழைப்பதுண்டு. என் தவறொன்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுங்கை ஆயர் தாவாரில் பணியாற்றிய காலத்தில், ஒருநாள் பூச்சிகளை வகைப்படுத்தும் பாடம் நடத்தினேன். பள்ளியின் பின்புறத்து மாமரப் பட்டையில் வெண்பட்டைப் போர்த்தியதுபோல் மெல்லிய வலை படர்ந்திருந்தது. அதனை விலக்கியபோது எள்ளினும் சிறிய பழுப்புநிறப் பூச்சிகள் கூட்டமாக ஓடின. மாணவர்கள் வியந்தனர்.

தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் அதற்கு 'மரப்பேன்' எனப் பெயரிட்டு, தலைப்பேனுடன் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தான். "பேன் தலையில் வாழும்; மரத்தில் வாழுமா?" என்று கேட்டுச் சிவப்பு மையால் அடித்தேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் அறிவியல் பாடத்தில் கை உயர்த்தியதே இல்லை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அப்பூச்சிகளைப் பற்றி முறையாகப் படித்தேன். அவை சோகாப்டெரா எனும் பிரிவைச் சேர்ந்தவை. பட்டையில் வளரும் பாசியையும் பூசணத்தையும் சுரண்டித் தின்பவை. மரத்துக்குத் தீங்கு செய்யாதவை. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் வாழ்கின்றன. வெப்ப நாடுகளில் வகைகள் மிகுதி. லீன்ஹார்டு, ஸ்மிதர்ஸ் எனும் இரு அறிஞர்கள் தொகுத்து 2002இல் ஜெனீவாவில் வெளியான உலகப் பட்டியலில் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றுள்ளன.

நம் பழைய நூல்களுக்கிடையே ஓடும் புத்தகப்பேனும் இக்குடும்பத்து உறவே. அந்தப் புத்தகப்பேனுக்கு மிக நெருங்கிய உறவு தலைப்பேன் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. முன்பு இரு வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தவை இன்று சோகோடியா எனும் ஒரே வரிசையில் அடங்குகின்றன. அதாவது, நான் அடித்த அந்தக் கட்டம் சரியானதே!

அம்மாணவன் மரபணுவை அறிந்து எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதினான். எந்த ஒற்றுமையைக் கண்டு அவ்வாறு சேர்த்தான் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அதுவே என் தவறு.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! வகைப்படுத்தல் என்பது பெயர்களை மனனம் செய்வதன்று. உற்றுநோக்கி, ஒப்பிட்டு, காரணம் கூறுவது. அறிஞர்களே தம் பட்டியலைத் திருத்திக்கொண்டே வருகின்றனர். ஆகவே, பிள்ளையின் விடை பிழையெனத் தோன்றினால், சிவப்பு மையை எடுக்குமுன் "ஏன் இப்படி எழுதினாய், ஐயா?" என்று ஒருமுறை கேளுங்கள்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.