மந்தைவெளியில் ஒரு சொட்டு ஆயில்

மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து ஆர்.கே.மடம் சாலையில் தெற்கே நடந்தால் சீக்கிரமே மந்தைவெளி வந்துவிடும். ஒருகாலத்தில் மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி என்பதுதான் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். இப்போது மேய இடமில்லை என்பது இருக்கட்டும், நிறுத்தவே இடமில்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தடுத்ததிலிருந்து வண்டிகள் உட்தெருக்களில் புகுந்து புறப்படுகின்றன. திருவேங்கடம் தெரு, தேவநாதன் தெரு என்று எங்கே திரும்பினாலும் தனி வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வீட்டுக்கு ஒரு கார் நிற்க இடம் உண்டு. இரண்டாவது கார் தெருவில்தான்.

இந்தத் தெருக்களைக் காலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். கோலத்துக்கு நாலடி தள்ளி, தரையில் கறுப்பாக ஒரு வட்டம். பழைய கார் எந்த வீட்டில் இருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

தெற்குக் கால்வாய்க்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அப்படி ஒரு வட்டம் இந்த மார்கழியில் தினமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலே நின்றது 1996ஆம் வருடத்து வெள்ளை மாருதி 800. பதிவு எண் டி.என். 06 என்று தொடங்கும். அது மந்தைவெளி ஆர்.டி.ஓ.வுக்கே உரிய எண். வண்டியின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். முழங்கால் வலியுள்ள மனைவியைக் கோயிலுக்கும் அடையாறு டாக்டரிடமும் கூட்டிப்போக அந்தக் காரைத்தான் நம்பியிருக்கிறார்.

“மாமா, கோலத்து மேல நேத்தும் எண்ணெய்” என்று எதிர்வீட்டுப் பெண் இரண்டு முறை சொல்லிவிட்டார். மழை வந்தால் அந்த எண்ணெய் வடிகாலில் இறங்கி, பக்கத்திலேயே ஓடும் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். அந்தக் கால்வாய்க்கு இருக்கிற அழுக்கு போதாதா?

முதலில் பார்த்த மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. “பேக் சீல் போயிருக்கு சார். கியர்பாக்ஸ் இறக்கணும்.” கூலி, கிளட்ச், சில்லறைச் செலவு என்று கூட்டினால் பல ஆயிரம். ஆர்.சி. புதுப்பிக்கவும் நேரம் வந்திருந்தது. 15 வருடம் தாண்டிய காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு உண்டு. “காயலான் கடைக்குப் போட்டுடலாம்பா” என்றான் மகன், பெங்களூரிலிருந்து போனில்.

அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவர் பார்த்த இடத்தில் ஆயில் இருந்தது உண்மை. ஆனால் ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிவது இன்ஜின் சுவரில் வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் வந்து தொங்கும். ஓட்டுவீட்டில் மழைநீர் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேயா ஓடு உடைந்திருக்கிறது?

சந்து முனையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் இரண்டாவது மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. “மொதல்ல குளிப்பாட்டலாம் சார்” என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒயர்களை பிளாஸ்டிக் பையால் கட்டினார். டீசலும் பிரஷ்ஷும் வைத்து இன்ஜினைத் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டார். பிறகு வீட்டிலிருந்து முகப் பவுடர் டப்பா கேட்டார். மாமி சந்தேகத்தோடுதான் கொடுத்தார். இன்ஜினின் பின்பக்கமும் கியர்பாக்ஸ் கூடும் இடமும் பவுடர் பூசிய கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளுத்தன.

இன்னொன்றும் பார்த்தார். ஆயில் ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டவில்லை. பிரீதர் குழாயை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைப் பிதுக்கும். அதைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றியவர்கள் மறுமாதமே திரும்பி வந்த கதை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு.

கிரீன்வேஸ் சாலை வரை ஒரு சுற்று. இருபது நிமிடத்தில் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு பழுப்புக் கோடு. அது கீழிருந்து வரவில்லை. மாருதி 800இல் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்து முனையில், மேலே டிஸ்ட்ரிபியூட்டர். அதன் அடியிலிருந்து கிளம்பிய கோடு நேராக கியர்பாக்ஸ் தலையில் இறங்கியிருந்தது. பேக் சீல் பாவம், பழி மட்டும் சுமந்திருக்கிறது.

குற்றவாளி ஒரு ரப்பர் வளையம். ‘ஓ ரிங்’ என்பார்கள். இத்தனை வருடச் சூட்டில் அது பிளாஸ்டிக் போல இறுகிவிட்டது. டேப்பெட் கவர் பேக்கிங்கும் அதே கதிதான்.

சாமான் வாங்க புதுப்பேட்டை. மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் ஆறாவது நிறுத்தம் சிந்தாதிரிப்பேட்டை. இறங்கிக் கூவத்தைத் தாண்டினால் பழைய கார்களின் உறுப்புகள் மலைபோல் குவிந்த கடைகள். எந்தக் காலத்துக் காருக்கும் அங்கே ஏதாவது கிடைக்கும். ஆனால் ரப்பர் சாமானை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. மெக்கானிக் அனுப்பிய பையன் புது வளையமும் புது பேக்கிங்கும் வாங்கி வந்தான். செலவு சில நூறு ரூபாயில் முடிந்தது.

பையன் வருவதற்குள் பழங்கதை. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. சுற்றும்போது ஆயிலை உள்ளே இழுக்கும் திருகுப்பள்ளம்தான் உண்டு. நின்றால் நாலு சொட்டு விடுவது அதன் பிறவிக்குணம். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் வேடிக்கை. ஆயில் சம்ப்பின் முன்புறத்தில் கசியாமல் அடைக்க இரண்டு சின்ன மரத்துண்டுகள். ஆமாம், மரம்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன் அது நின்ற நிலையை ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் டைமிங் மாறிப்போகும். ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டித் துடைத்தார். “சிலிகான் அப்பிடலாமே?” என்று மாமா கேட்டதற்குத் தலையாட்டவில்லை. அதிகமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்தின மாதிரி ஆகும். டேப்பெட் கவர் நட்டையும் அளவாகத்தான் முறுக்கினார். முரட்டுத்தனமாக முறுக்கினால் புது ரப்பர் நசுங்கி முதல் நாளே ஒழுகும்.

அன்றிரவு காருக்கு அடியில் பழைய நாளிதழை விரித்தார்கள். காலையில் கோலம் போட வந்த எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் குனிந்து பார்த்தார். காகிதம் சுத்தம். நாலைந்து நாள் அப்படியே. ஆறாவது நாள் ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு.

மாமா காகிதத்தோடு கொட்டகைக்கு ஓடினார். மெக்கானிக் விரலால் தொட்டு முகர்ந்தார். கந்தக நெடி.

“இது இன்ஜின் ஆயில் இல்ல சார், கியர் ஆயில். ஆக்ஸில் சீல். அவசரமில்ல, பொங்கல் கழிச்சுப் பார்த்துக்கலாம்.”