வலிய கப்பித்தான் வைத்த வீடு

எங்கள் பக்கத்தில் வீட்டைக் ‘கட்டுவது’ என்பதைவிட ‘வைப்பது’ என்றுதான் அதிகம் சொல்வோம். அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒரு நாள் போனில், “சித்தப்பா, இங்க ஒரு கிராமத்துல இடம் வாங்கியாச்சு. வீடு வைக்கப் போறேன்” என்றான். தக்கலையில் அவனுக்கு ஏற்கெனவே மாடி வீடு ஒன்று உண்டு. பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம். பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அங்க வீடு வச்சா பின்ன இங்க வருவானா?”

அவன் கேட்டது வேறு. “நம்ம ஊருக்கு வெளிநாட்டுல இருந்து வந்து வீடு வச்சவங்க யாராவது உண்டா சித்தப்பா?”

எனக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிட்டாள். “தில்லானைக் கோட்டையில ஒரு சாயிப்பு இருந்தாருல்லா!”

அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவன் நான். புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் உதயகிரிக் கோட்டைக்கு ஊர் வைத்த பெயர் அது. சின்ன வயதில் அதில் ‘ஆனை’ என்பது மட்டும்தான் என் காதில் விழும். ஏதோ ஒரு யானை அங்கே கட்டிக் கிடந்திருக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். அது யானை அல்ல, எஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய் என்ற மனிதரின் பெயர் எங்கள் நாக்கில் தேய்ந்த வடிவம் என்று பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. மருமக்கள்வழி மன்னர்கள் ஆண்ட நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் எப்படிக் குடியிருந்தார், எங்கே குடியிருந்தார் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டி இப்போதுதான் தேடத் தொடங்கினேன்.

முதலில் திருத்த வேண்டியிருந்தது பாடப்புத்தகம் தந்த படத்தை. அவரை ‘டச்சுத் தளபதி’ என்று படித்திருந்தேன். அவர் பிறந்தது இன்றைய பிரான்சின் வடக்கே இருக்கும் அராஸ் நகரில். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்த கத்தோலிக்கர். மிளகு வணிகத்துக்காகத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு மோதிய கம்பெனி இலங்கையிலிருந்து அனுப்பிய படையில் வந்தவர். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் அந்தப் படை தோற்றது. கம்பெனியின் ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள், அன்றைக்கு அவர் தளபதியாக இல்லை, கீழ்நிலையில் இருந்த படைவீரர்தான் என்கிறார்கள். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. பிழைக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட இருபத்தாறு வயது இளைஞன்.

பிடிபட்டவர்களை உதயகிரிக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். தேடலில் என்னை நிறுத்திய இடம் இதுதான். வேணாட்டு மன்னர்கள் முன்பே எழுப்பியிருந்த அந்தக் கோட்டையைக் கருங்கல்லால் மாற்றிக் கட்டும் பொறுப்பு அடுத்த சில ஆண்டுகளில் அதே டிலனாயிடம் வருகிறது. கைதியாக அடைபட்ட மதிலையே அவர் திருப்பிக் கட்டினார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். காலப்போக்கில் ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, ஆனார். அந்த உலையில் வார்த்த பதினாறடி பீரங்கி ஒன்றைப் பிற்காலத்தில் ஆயிரம் ஆட்களும் பதினாறு யானைகளும் இழுத்தும் சில கஜம்கூட நகர்த்த முடியவில்லை என்று சொல்வார்கள். என் சின்ன வயது யானைக்கு இப்படி ஒரு இடம் கிடைத்தது.

தலைநகரம் பத்மநாபபுரம். கோட்டைக்கும் அரண்மனைக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் கிறிஸ்தவர் என்பதால் அரண்மனைக்குள் அவருக்கு இடமில்லை. அதனால்தான் கோட்டையிலேயே குடியிருந்தார் என்கிறது திருவிதாங்கூர் வரலாறு. வேற்று நாட்டில் வீடு வைப்பவர்களுக்கு இது புதிதல்ல. வேலைக்கு வேண்டும், கூடத்துக்கு வேண்டாம். இன்றைக்கு அதே அரண்மனையில், மார்த்தாண்ட வர்மாவின் முன்னால் அவர் பணிந்து நிற்கும் ஓவியம் தொங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது. எல்லைகள் மாறும்போது வீடுகளின் கதி இப்படித்தான்.

உள்ளே விடாத ஊரில் அவர் வாய் மூடி இருந்துவிடவும் இல்லை. நட்டாலம் நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி. கோட்டை வேலையில் இவரோடு பழகியவர். அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் உடைந்திருந்தவரிடம் விவிலியத்தின் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இன்று அவர் நினைவாகப் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் சாலையோரம் இருக்கும் கோட்டையையும் எட்டிப் பார்க்கிறார்கள்?

நான் போனது ஒரு வெயில் நாளில். சுமார் தொண்ணூறு ஏக்கர், நடுவே குன்று. வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா அமைத்திருக்கிறது. வீட்டைத் தேடிப் போன என்னை மரங்களுக்கு நடுவே ஒரு பாழடைந்த சிற்றாலயம் நிறுத்தியது. கூரை இல்லை. தரையில் கல்லறைகள். டிலனாயின் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது லத்தீன். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டு மன்னரிடம் விசுவாசமாக வேலை பார்த்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை நாடுகளை அடக்கிக் கொடுத்தார், அறுபத்திரண்டு ஆண்டு ஐந்து மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்பது செய்தி. மனைவி மார்கரெட்டும் மகன் ஜானும் அதே ஆலயத்தில்தான். களக்காட்டுப் போரில் காயப்பட்ட மகன் 1765-இல் இறந்துபோனான். அப்பாவின் கல்லைவிட மகனின் கல் பன்னிரண்டு ஆண்டு மூத்தது.

அங்கேயே உட்கார்ந்து அயர்லாந்துக்குக் கூப்பிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவன், “அவரு சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லையா?” என்றான். “இல்ல மக்ளே” என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து நெடுஞ்சாலை வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் எல்லாரும் இந்த மதிலைக் கடந்துதான் போகிறீர்கள். ஒரு தடவை புலியூர்க்குறிச்சியில் இறங்கி உள்ளே போய் அந்தக் கல்லைப் படியுங்கள். லத்தீன் தெரிய வேண்டாம்; தமிழிலும் எழுதியிருக்கிறது.