42 டிகிரியில் தடுமாறும் பிளாஸ்மிட்

பெயர் ஆர்.டி.எஸ்.1. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் வளைய டி.என்.ஏ. மருந்து எதிர்ப்பு பிளாஸ்மிட்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1967இல் டெராவாகி, தகாயசு, அகிபா ஆகிய மூன்று ஜப்பானியர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். இருந்த இடம் புரோட்டியஸ் வல்காரிஸ் என்ற பாக்டீரியா. செய்யும் வேலை, கனாமைசின் என்ற மருந்திடமிருந்து அதைக் காப்பாற்றுவது. 42 டிகிரி செல்சியஸில் வைத்து வளர்த்தால் இந்தப் பிளாஸ்மிட் தன்னைப் பிரதியெடுக்க முடியாமல் போகிறது.

—

அகிபா என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்கும் ஈ. கோலைக்கும் இடையே பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மொத்தமாகக் கைமாறுகிறது என்று 1959இல் ஜப்பானில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். ஒச்சியாயின் குழு தனியாக அதே முடிவுக்கு வந்தது. அந்த வழியில் வந்ததுதான் ஆர்.டி.எஸ்.1 வேலையும்.

—

சூட்டில் பிளாஸ்மிட் எப்படித் தொலைகிறது என்ற கணக்கு எளிது. பெரிய பிளாஸ்மிட்கள் ஒரு செல்லில் ஒன்றிரண்டு பிரதிகள்தான் இருக்கும். ஒரே பிரதி உள்ள செல் ஒன்று சூட்டில் பத்து முறை பிரிந்தால் 1,024 செல்கள். பிளாஸ்மிட் பெருகவில்லை என்றால் அதில் ஒரே ஒரு செல்லில்தான் அது மிஞ்சும். மற்ற 1,023 செல்களையும் கனாமைசின் கொன்றுவிடும்.

—

ஆனால் செல்கள் அப்படி நிம்மதியாகப் பிரிவதில்லை. சுவாரசியமே இங்கேதான். 1968இல் டெராவாகியும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் சொன்னது இது: பிளாஸ்மிட் இல்லாத ஈ. கோலை அந்தச் சூட்டில் நன்றாக வளர்கிறது. பிளாஸ்மிட் உள்ள ஈ. கோலையின் வளர்ச்சி தடைபடுகிறது. மருந்தே போடாவிட்டாலும் இதே கதைதான். அதாவது சூடு தாக்குவது பிளாஸ்மிட்டை மட்டுமல்ல; அதைச் சுமக்கும் செல்லும் சேர்ந்து அடிவாங்குகிறது. தன்னால் பெருக முடியாத இடத்தில், இடம் கொடுத்தவனையும் பெருக விடாத குணம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அகிரா காஜியின் குழு 1970களில் இதைத் துருவியது. உயர்ந்த வெப்பத்தில், முழுதாக மூடிய வளைய வடிவில் புதிய பிளாஸ்மிட் டி.என்.ஏ. உருவாவதில்லை என்று காட்டினார்கள். பெருக்கம் எங்கே இடறுகிறது என்பதற்கு அது ஒரு பதில். செல்லின் வளர்ச்சி ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

—

1996: ஆர்.டி.எஸ்.1இல் ஹிக் என்ற ஜோடி மரபணுக்கள். ஹிக்-பி நஞ்சு, ஹிக்-ஏ மாற்று மருந்து. இத்தகைய ஜோடிகளில் பெரும்பாலும் மாற்று மருந்தின் மரபணுதான் முதலில் இருக்கும். இங்கே நஞ்சின் மரபணு முந்திக்கொண்டு நிற்கிறது. நஞ்சு உறுதியானது, மாற்று மருந்து சீக்கிரம் சிதைவது. பிளாஸ்மிட் இருக்கும்வரை மாற்று மருந்து தொடர்ந்து உற்பத்தியாகும். பிளாஸ்மிட் தொலைந்தால் உற்பத்தி நிற்கும், பழைய நஞ்சு மட்டும் தங்கும். ஹிக்-பி ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே படிக்கப்படும் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. புரத உற்பத்தி முடங்குகிறது. காலி செய்யச் சொன்னால் வீட்டை இடித்துவிட்டுப் போகும் குடித்தனக்காரர் மாதிரி.

செல் வளர்ச்சி நிற்பதற்கு இது ஒன்றே முழுக் காரணம் என்று நான் எழுதமாட்டேன். 2002இல் முழு வரிசையும் படிக்கப்பட்டபோது நீளம் 2,17,182 எழுத்துகள் என்று தெரிந்தது. ஈ. கோலையின் சொந்த மரபணுத் தொகுதியில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய சுமையில் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது அவசரம்.

—

சுமை மட்டும்தானா? 32 டிகிரியில் இதே பிளாஸ்மிட் ஒரு காவல்காரன். டி4 என்ற பாக்டீரியா உண்ணி வைரஸ் உள்ளே வந்தால் அதன் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி பிளாஸ்மிட்டிலேயே இருக்கிறது. 42 டிகிரியில் அந்தக் காவலும் இல்லை. அந்த நொதிக்கு இன்று வேறு உத்தியோகம்: பாலூட்டிகளின் டி.என்.ஏ.வில் உள்ள ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசின் குறிகளைக் கண்டறிய உதவுகிறது. அடிப்படை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்ல வசதியான கதை.

—

ஆய்வகத்தில் மூலக்கூறு உயிரியல் படிக்கிறவர்களுக்கு, சூட்டில் பெருக முடியாத இந்தக் குணம் தினசரிப் புழக்கம். மரபணுவை நீக்கப் பயன்படும் பி.கே.டி.46 பிளாஸ்மிட்டை (டட்சென்கோ, வானர், 2000) 30 டிகிரியில் வளர்ப்பார்கள். நீக்கும் வேலை முடிந்ததும் 37இல் வைத்தால் போதும், கழன்றுவிடும். ஷேக்கரை யாராவது 37க்கு மாற்றிவைத்துவிட்டால் அன்றைய வேலை போச்சு.

—

காய்ச்சல் வந்தால் எதிர்ப்பு கழன்றுவிடுமா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில்: அதை நம்பி இருக்கக் கூடாது. மனித உடல் 42 டிகிரிக்குப் போனால் பிளாஸ்மிட்டைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

—

கவலைப்பட வேண்டியது கீழ்ப்பக்க வெப்பம். ஆர்.டி.எஸ்.1 ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 25 டிகிரியில் தாராளமாக நடக்கும். சூடு ஏற ஏறக் குறையும். டைஃபாய்டு கிருமியின் எச்.ஐ.1 குடும்பப் பிளாஸ்மிட்களும் அப்படியே. 22 முதல் 30 டிகிரி வரை சுறுசுறுப்பு. 37இல் தாவல் ஏறக்குறைய நின்றுவிடும்.

1948 முதல் டைஃபாய்டுக்குக் கைகொடுத்தது குளோராம்பெனிகால். 1972இல் மெக்சிகோவில் அந்த மருந்துக்கு மசியாத டைஃபாய்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. அதே ஆண்டு கோழிக்கோட்டிலும் குளோராம்பெனிகால் எதிர்ப்பு டைஃபாய்டு கண்டறியப்பட்டு, அந்த எதிர்ப்பு கைமாறக்கூடியது என்று பணிக்கரும் விமலாவும் நேச்சரில் எழுதினார்கள். 1974இல் வில்லியம்ஸ் ஸ்மித், இந்தக் கிருமிகளின் எதிர்ப்பு கைமாறுவது வெப்பத்தைப் பொறுத்தது என்று காட்டினார்.

25 டிகிரி என்பது உடலின் வெப்பமல்ல. சாக்கடை, குளம், ஆறு, கழுவாத கீரை. கைமாற்றத்துக்கு வசதியான இடம் ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட இவைதான் என்பது என் எண்ணம்.

—

ஆகவே எதிர்ப்பு கைமாறுகிறதா என்று சோதிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 37 டிகிரியில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'கைமாறவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். கூடவே 25 டிகிரியிலும் ஒரு தட்டு வையுங்கள்.